பேய் வீடு எப்படிப் பயமுறுத்துகிறது?

டிக்கெட் வாங்கிப் பயந்துவிட்டு வருவதற்கென்றே பேய் வீடு கட்டுகிறவர்கள் முதலில் கை வைப்பது நம் கண்ணில். வெளிச்சத்தில் வரிசையில் நின்றுவிட்டு உள்ளே நுழைந்தால் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். பல பேய் வீடுகளில் அதற்குள் சுற்றியே வெளியே வந்துவிடுவோம். போதாக்குறைக்கு, நிழல்கள் லேசாகப் பிடிபட ஆரம்பிக்கும்போது எங்கிருந்தோ பளீரென ஒரு விளக்கு அடிக்கும். மங்கிய ஒளியைப் பார்க்க உதவும் செல்களிலுள்ள நிறமி அந்த ஒளியில் சிதைந்துவிடும். அது மறுபடி சேர வேண்டும், கண் முதலிலிருந்து பழக வேண்டும். ஆக, முழு நேரமும் அரைக் குருடாகத்தான் நடக்கிறோம்.

அடுத்தது காது. திடீர்ச் சத்தம் கேட்டால் தோள் குறுகி, கழுத்து உள்ளே இழுத்து, இமை மூடிக்கொள்வதைத் திடுக்கிடல் அனிச்சை என்பார்கள். சத்தம் காதிலிருந்து மூளைத் தண்டுக்குப் போய், அங்கிருந்தே தசைக்குக் கட்டளை இறங்குகிறது. இமை மூட ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் போதும். ‘இது வெறும் ரப்பர் முகமூடி’ என்று யோசிக்கிற மூளைப் பகுதிக்குச் செய்தி போய்ச் சேரும் முன்பே உடம்பு குதித்து முடித்திருக்கும். தைரியசாலியும் இதிலிருந்து தப்ப முடியாது.

ஆனால் எவ்வளவு குதிக்கிறோம் என்பது அதற்கு முந்தைய நிமிடங்களைப் பொறுத்தது. விளக்கு எரிந்தால் லேசான மின்அதிர்ச்சி வரும் என்று எலிகளைப் பழக்கிவிட்டு, பிறகு ஒரு பெரிய சத்தம் எழுப்பிப் பார்த்தார்கள். விளக்கு எரியும்போது சத்தம் கேட்ட எலிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் துள்ளின. ஆபத்தை எதிர்பார்க்கும் நேரத்தில் மூளையிலுள்ள அமிக்டாலா என்ற பகுதி இந்த அனிச்சையின் அளவைக் கூட்டிவிடுகிறது. பேய் வீட்டில் ஒன்றுமே நடக்காத நீளமான நடைபாதைகள் எதற்கு என்பது இப்போது புரியும். என்னைக் கேட்டால், அங்கே காசுக்கு மதிப்பான இடமே அந்தக் காலி நடைபாதைதான்.

நடிகர்கள் நிற்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு. எதிரே வந்து மிரட்டினால் கூட்டம் பின்வாங்கி, அடுத்து வரும் குழுவோடு மோதிவிடும். அதனால் பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ பாய்ந்து, ஆட்களை முன்னோக்கி விரட்டுவார்கள். உறுமிக்கொண்டு துரத்தும் மரம் அறுக்கும் மெஷினில் சங்கிலியைக் கழற்றியிருப்பார்கள். வெறும் சத்தம்தான்.

சில இடங்களில் சுழலும் குகை ஒன்று இருக்கும். ஒளிப்புள்ளிகள் வரைந்த பெரிய உருளை சுற்றும், நடுவே ஆடாத அசையாத ஒரு பாலம். அதில் ஏறினால் கவிழ்ந்து விழப்போவதுபோல் இருக்கும். பார்வை முழுவதும் சுழலும்போது, சுழல்வது நாம்தான் என்று மூளை முடிவு கட்டுகிறது. உட்காதிலுள்ள சமநிலை உறுப்போ ‘நீ சாயவே இல்லை’ என்கிறது. இந்தச் சண்டையில் பெரும்பாலும் கண்தான் ஜெயிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தபடி நடந்தால் பாலம் சாதாரணப் பாலமாகிவிடும்.

ஆவியைக் காற்றில் மிதக்கவிடும் வித்தைக்கு வயது 160-க்கும் மேல். ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளர் யோசித்த ஏற்பாட்டுக்கு அரங்கத்தையே மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. ஜான் ஹென்றி பெப்பர் அதை எளிமையாக்கி, லண்டன் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தில் 1862 டிசம்பர் 24 அன்று காட்டினார். மேடைக்கு முன்னால் ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து நிறுத்துவார்கள். கீழே, பார்வையாளர் கண்ணில் படாத பள்ளத்தில், வெள்ளை உடுத்திய நடிகர் இருப்பார். அவர் மேல் பலமான ஒளி விழுந்தால், இரவு ரயிலின் ஜன்னலில் நம் முகம் வெளியே மிதப்பதுபோல, அவர் உருவம் மேடை மேல் மிதக்கும். ஒளியைக் குறைத்தால் ஆவி கரைந்து போகும்.

கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் 1969-ல் திறந்த பேய் மாளிகையின் நடனக் கூடத்திலும் இதே ஏற்பாடுதான். பொம்மைகள் வேறிடத்தில் ஒளிந்திருக்கின்றன. நாம் பார்ப்பது பிரம்மாண்டமான கண்ணாடியில் விழும் பிம்பத்தை. பிம்பத்தில் இடம் வலமாகும் அல்லவா? அதனால் அங்கே ஆடும் ஜோடிகளில், வழக்கத்துக்கு மாறாக, பெண்கள் ஆண்களை நடத்திச் செல்வதுபோல் தெரியும்.

காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வும் காந்தப் புலமும்தான் பேய் உணர்வைத் தருகின்றன என்று ஒரு பேச்சு உண்டு. கிறிஸ் ஃபிரெஞ்ச் என்ற உளவியலாளரும் குழுவினரும் லண்டனில் ஒரு காலி அறை அமைத்து, இவற்றை இயக்கியும் நிறுத்தியும் சோதித்தார்கள். உள்ளே போன பலர் ஏதேதோ உணர்ந்ததாகச் சொன்னார்கள். ஆனால் கருவி ஓடியதா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ‘இங்கே விசித்திரமாக ஏதாவது தோன்றலாம்’ என்ற எதிர்பார்ப்பே போதுமானதாக இருந்திருக்கும் என்பது அவர்கள் முடிவு. 2009-ல் வெளியான ஆய்வு இது.

சரி, இவ்வளவு அவஸ்தையில் இன்பம் எங்கே இருக்கிறது? டென்மார்க்கின் வைலே நகரத்தில் டிஸ்டோபியா என்ற பேய் வீடு இருக்கிறது. ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ஆண்டர்சன், மத்தியாஸ் கிளாசன் குழுவினர் அங்கே 110 பேருக்கு இதயத் துடிப்பு அளக்கும் கருவியைக் கட்டி அனுப்பினார்கள். குறைவாகப் பயந்தவர்களுக்குச் சலிப்பு, அளவுக்கு மீறிப் பயந்தவர்களுக்கு வேதனை. நடுவில் இருந்தவர்களே அதிகம் ரசித்தார்கள். துடிப்பிலும் அதே கதை: சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் மிதமாக இருந்தபோதுதான் ரசனை உச்சத்தில் இருந்தது.

இந்த அளவை நாமே திருகிக்கொள்கிறோம் என்பது இன்னும் சுவாரசியம். இதே டென்மார்க் குழுவின் வேறொரு ஆய்வில், பயத்தைக் கூட்டிக்கொள்ள முயன்றவர்களும் குறைத்துக்கொள்ள முயன்றவர்களும் கடைசியில் ஏறக்குறைய ஒரே அளவு திருப்தியோடுதான் வெளியே வந்தார்கள். நண்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தரையையே பார்த்தபடி நடப்பவரைக் கேலி செய்ய வேண்டாம். தனக்கு ஏற்ற இடத்தில் பயத்தை நிறுத்திவைக்கும் வேலையை அவர் செய்துகொண்டிருக்கிறார். நண்பர்கள் கூட இருந்தால் பயம் குறையும் என்றுதான் நினைப்போம். ஆனால் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பேய் வீட்டில் 156 பேரின் தோலில் வியர்வையால் வரும் மின் மாற்றத்தை அளந்தபோது, கூட வந்த நண்பர்கள் அதிகமாக இருந்தவர்களின் உடல் கிளர்ச்சி கூடித்தான் இருந்தது. ஒருவர் அலறல் அடுத்தவருக்குத் தொற்றியிருக்கலாம்.

வெளியே வந்தபின் வரும் குதூகலத்துக்கும் உடம்பில் காரணம் உண்டு. ஆபத்து பொய் என்று தெரிந்த பிறகும் அட்ரினலின் கிளப்பிவிட்ட படபடப்பு உடனே அடங்குவதில்லை. மிச்சமிருக்கும் அந்த வேகம் சிரிப்போடு சேர்ந்து சிரிப்பைப் பெரிதாக்குகிறது.

இந்த இன்பம் முழுக்க, ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்ற நம்பிக்கை மேல்தான் நிற்கிறது. 1984 மே 11 அன்று, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கேளிக்கைப் பூங்கா ஒன்றின் பேய்க் கோட்டையில் தீப்பிடித்து 8 பதின்வயதினர் இறந்தார்கள். டிரெய்லர்களை இணைத்துக் கட்டிய அந்தக் கோட்டையில் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. இருட்டு, வளைந்து வளைந்து போகும் பாதை, புகை, அலறல் எல்லாம் பேய் வீட்டில் எப்போதும் இருப்பவை. உண்மைத் தீ வந்தாலும் உள்ளே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் அங்கே இப்போது இத்தகைய கட்டடங்களுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. நீர் தெளிப்பான் கட்டாயம். புகை உணரி தீயைக் கண்டதும் பயமுறுத்தும் ஒலியும் காட்சியும் தானாக நின்று, விளக்குகள் எரிந்து, வெளியேறும் வழி தெரிய வேண்டும்.