நாலு மணி நேர மருந்து, பத்து வருட எலும்பு

கால் வளைந்திருக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு டாக்டர் பாஸ்பேட் மருந்து எழுதித் தருகிறார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. கூடவே கால்சிட்ரியால். வளர்ச்சி நிற்கும்வரை நிறுத்தக்கூடாது. சீட்டில் இது ஒரே ஒரு வரி. வீட்டிலோ வருடத்துக்கு 1,800-க்கும் மேற்பட்ட வேளைகள். அதில் சில தவறினால் பிள்ளையின் பிடிவாதம் என்றோ பெற்றோரின் அலட்சியம் என்றோ சொல்லிவிடுவது சுலபம். இந்த மருந்தை ஏன் இப்படிப் பிரித்துப் பிரித்துத் தரவேண்டியிருக்கிறது என்று தெரிந்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல வராது.

நோயின் பெயர் எக்ஸ்.எல்.ஹெச்., ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்துபோகும் ஒரு பரம்பரை நோய். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ‘ஃபெக்ஸ்’ என்ற மரபணுவில் கோளாறு; சுமார் 20,000 பேரில் ஒருவருக்கு வரும். இந்தக் கோளாறு இருந்தால் எலும்புக்குள் இருக்கும் செல்கள் எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும். அந்த ஹார்மோன் சிறுநீரகத்தில் இரண்டு வேலை செய்கிறது. ரத்தத்துக்குத் திரும்பவேண்டிய பாஸ்பேட்டைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகிறது. வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறுவதையும் தடுக்கிறது. அதனால்தான் சாதாரண வைட்டமின் டி போதாமல், ஏற்கெனவே செயல்படும் வடிவத்தில் இருக்கும் கால்சிட்ரியாலைத் தருகிறார்கள்.

குழந்தையின் நீள எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பட்டை இருக்கிறது. அங்கே செல்கள் பெருகி, பருத்து, பிறகு மடிந்து எலும்புக்கு இடம்விடவேண்டும். மடிவதற்கு பாஸ்பேட் தேவை. அது குறைந்தால் பருத்த செல்கள் போகாமல் குவிந்து, தட்டு தடித்துப் போகிறது. புதிதாக உருவாகும் எலும்பும் இறுகாமல் மென்மையாகவே இருக்கும். குழந்தை நடக்க ஆரம்பித்ததும் உடல் எடை தாங்காமல் கால் வளைகிறது.

சரி, பாஸ்பேட்டை வாயால் கொடுத்துவிட்டால்? கொடுக்கலாம், ஆனால் ஓட்டைப் பானையில்தான் ஊற்றுகிறோம். குடித்த ஒன்று இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அளவு ஏறும். நான்கு மணி நேரத்துக்குள் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். ஓட்டையை இந்த மருந்து அடைப்பதில்லை. ஒரே தடவையில் நிறையக் கொடுத்தால் வயிற்று வலி, பேதி. போதாததற்கு, பாஸ்பேட் சட்டென்று ஏறினால் பாராதைராய்டு சுரப்பி தூண்டப்பட்டு, இருக்கிற பாஸ்பேட்டையும் சிறுநீரில் தள்ளிவிடும். ஆகவே சின்னச் சின்ன அளவாக, நாள் முழுக்க. பாலோடு சேர்த்துக் கொடுத்து ஏமாற்றவும் வழியில்லை. பாலில் உள்ள கால்சியம் குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். குடித்தால் உப்புக் கரிக்கும், வயிறு புரளும். குடிக்காவிட்டால் அன்றைக்கு எதுவுமே ஆகாது. இந்த நோயில் ரத்தத்தில் கூடியிருக்கும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி இறங்கி, பலன் தெரியவே மாதங்கள் ஆகும். கால் நிமிர வருடங்கள். உடனே நடப்பதை வைத்துத்தான் மூளை பாடம் கற்கிறது. அந்தக் கணக்குப்படி மருந்தைத் தவிர்க்கும் பிள்ளை சரியாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது என்பேன்.

அதனால் முதலில் பிரித்துப் பார்க்கவேண்டியது, மறதியா வெறுப்பா என்பதை. சுவை பிடிக்காத பிள்ளைக்கு அலாரம் வாங்கித் தந்து பயனில்லை, எரிச்சல்தான் கூடும். சுவைதான் பிரச்சினை என்றால் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருகவிடலாம், விழுங்கத் தெரிந்ததும் மாத்திரைக்கு மாறமுடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். சர்க்கரை சேர்ப்பதில் மட்டும் கவனம். இந்த நோயில் பல்லும் பலவீனம். சொத்தையே இல்லாத பல்லின் வேரில்கூடச் சீழ் பிடிக்கும். நாளைக்கு ஐந்து தடவை இனிப்புக் கரைசலில் பல்லை நனைப்பது நல்லதல்ல.

மறதி என்றால் மருந்தை ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு கோத்துவிடுவதுதான் நல்ல வழி: பல் விளக்கியதும், பள்ளிப் பையைக் கீழே வைத்ததும் என்று. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு புதுச் செயல் பழக்கமாகப் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை ஆனது. நடுவான மதிப்பு 66 நாள். அதில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள், மருந்து பற்றிய ஆய்வும் அல்ல. ஆனாலும் அதில் பெற்றோருக்கு உதவும் ஒரு சேதி உண்டு. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஒரு வேளை விட்டுப்போனதற்காக வீட்டைப் போர்க்களமாக்க வேண்டாம். அடுத்த வேளையில் இரண்டு மடங்காகக் கொடுத்து ஈடுகட்டவும் வேண்டாம்.

திட்டுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. திட்டு வாங்கும் பிள்ளை மறைக்கப் பழகும். பாதி மருந்து தொட்டியில் போகிறது, டாக்டரிடம் “எல்லாம் ஒழுங்கா சாப்பிடறேன்” என்ற பதில். பரிசோதனையில் முன்னேற்றம் தெரியாததால் டாக்டர் அளவைக் கூட்டுகிறார். பிறகு பாட்டி தினமும் பக்கத்தில் உட்கார்ந்து முழு அளவையும் குடிக்கவைக்கிறார். அப்போது கூட்டிய கால்சிட்ரியாலும் பாஸ்பேட்டும் சேர்ந்து சிறுநீரகத்தில் கால்சியம் படியக் காரணமாகலாம். “ஒழுங்கா சாப்பிடறியா?” என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். “போன வாரம் எந்த வேளை அதிகமா விட்டுப்போச்சு?” என்று கேட்டால் உண்மை வரும். பெரும்பாலும் அது பள்ளி நேரத்து வேளையாக இருக்கும். மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் பாட்டிலைத் திறக்க எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும்? ஆசிரியர் அறையில் ஒரு மூலை கிடைத்தால் போதும்.

பதின்வயதில் சிக்கல் கூடும். வளர்ச்சி வேகமெடுத்து எலும்புக்கு பாஸ்பேட் அதிகம் வேண்டியிருக்கும் நேரமும், மருந்து வேண்டாம் என்று தோன்றும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. அல்கலைன் பாஸ்படேஸ் கட்டுக்குள் இருந்தால் வேளைகளை இரண்டு மூன்றாகக் குறைப்பதை நிபுணர்களே ஏற்கிறார்கள். காகிதத்தில் ஐந்து வேளை இருப்பதைவிட உண்மையிலேயே உள்ளே போகும் மூன்று வேளை மேல். இது பரம்பரை நோய் என்பதால் பல வீடுகளில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இதே நோய் இருக்கும். அப்பாவுக்கு இருந்தால் மகள்கள் எல்லோருக்கும் வரும், மகன்களுக்கு வராது. தானும் அந்த வயதில் மருந்தைக் கொட்டியவர் என்றால் அந்தக் கதையைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லலாம். அறிவுரையைவிட அது நன்றாகக் காதில் ஏறும்.

2018-இல் அங்கீகாரம் பெற்ற புரோசுமாப் என்ற ஊசி இந்தக் கணக்கையே மாற்றுகிறது. அது எஃப்ஜிஎஃப்23-ஐப் பிடித்து முடக்குகிறது, அதாவது ஓட்டையையே அடைக்கிறது. குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று, வருடத்துக்கு 26 ஊசி. பாஸ்பேட்டும் கால்சிட்ரியாலும் நிறுத்தப்படும். விலை மிக அதிகம், எல்லோருக்கும் எட்டுவதில்லை. கிடைத்தவர்களுக்கும் ஊசிப் பயம் உண்டு, ரத்தப் பரிசோதனை உண்டு, மறந்துபோகிற தேதியும் உண்டு. ஆனால் காலண்டரில் 26 தேதிகளைக் குறித்து வைக்கிற பொறுப்பை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்க முடியும். 1,800 வேளைகளை முடியாது.