ஏழு விநாடி ஈர்ப்பு விசை போனால் நாம் மிதக்க மாட்டோம்

2026 ஆகஸ்ட் 12 அன்று பூமி 7 விநாடிகளுக்கு ஈர்ப்பு விசையை இழக்குமாம். எல்லோரும் மேலே மிதந்துபோய், ஈர்ப்பு திரும்பியதும் பொத்தென்று விழுவோமாம். நாசாவுக்கு இது தெரியுமாம், ஆனால் மறைக்கிறதாம். இந்த வாட்ஸப் செய்தியை ஒரு வாசகர் எனக்கு அனுப்பி, "இது நடக்குமா சார்?" என்று கேட்டிருந்தார்.

நடக்காது. ஈர்ப்பு விசை என்பது நிறையோடு ஒட்டிப் பிறந்தது. பூமியின் நிறை எங்கும் போகாதவரை அதன் ஈர்ப்பும் போகாது. அந்தத் தேதியில் உண்மையில் இருப்பது ஒரு முழுச் சூரிய கிரகணம். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம் தெரியும். நமக்கு அது இரவு நேரம். கிரகணத்தன்று சூரியனும் நிலவும் ஒரே பக்கம் இழுப்பது உண்மைதான், ஆனால் அது ஒவ்வொரு அமாவாசையிலும் நடப்பது. அதனால் நம் எடையில் வரும் மாற்றம் கோடியில் இரண்டு பங்கைத் தாண்டாது. 60 கிலோ ஆளுக்கு 10 மில்லிகிராம் அளவுதான். கிரகணம் என்றாலே ஏதோ கெட்டது வரும் என்ற பழைய பயம்தான் இப்போது நாசா பெயரைச் சேர்த்துக்கொண்டு சுற்றுகிறது.

சரி, பொய்யாகவே இருக்கட்டும். ஒருவேளை அப்படி 7 விநாடி பூமி, சூரியன் என எங்குமே ஈர்ப்பு இல்லாமல் போனால்? இந்தக் கேள்வியை நான் விடப்போவதில்லை, ஏனென்றால் இதற்கான விடை அந்த வாட்ஸப் கதையைவிட விசித்திரமானது.

முதலில் சூரியனை முடித்துவிடுவோம். பூமி விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சூரியன் இழுப்பதால் ஒவ்வொரு விநாடியும் நேர்கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் அளவு உள்பக்கம் விலகுகிறது. அந்த விலகல்தான் சேர்ந்து சேர்ந்து ஆண்டுச் சுற்றாகிறது. 7 விநாடி இழுப்பு இல்லையென்றால் பூமி வழக்கமான பாதையிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அவ்வளவுதான்.

அடுத்து நாம். பூமி சுழல்வதால் நாம் தூக்கி எறியப்படுவோம் என்று பலர் நினைக்கிறார்கள். தரை இறுகிய இரும்புப் பந்துபோல அப்படியே நின்றால், சென்னையில் இருப்பவர் 7 விநாடியில் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் அளவு விலகியிருப்பார். ஆனால் தரை நிற்காது. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

பூமிக்குள் ஏதோ ஓர் ஆழத்தில் ஒரு பாறைத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்புறத்தில் இருக்கும் அழுத்தத்தைவிட அடிப்புறத்தில் அழுத்தம் கொஞ்சம் அதிகம். அந்த வித்தியாசம் பாறையை மேலே தள்ளுகிறது. அதன் எடை கீழே இழுக்கிறது. இரண்டும் சரிசமம் என்பதால்தான் பாறை அசையாமல் கிடக்கிறது. பூமியின் ஒவ்வொரு துண்டுக்கும், கடல்நீருக்கும், காற்றுக்கும் இதே கணக்குதான். மையத்தை நெருங்கும்போது இந்த அழுத்தம் 36 லட்சம் வளிமண்டல அழுத்தமாகிவிடுகிறது. அங்கே 5,000 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தும் இரும்பு உருகாமல் திடமாக இருப்பதற்கு இந்த நெரிசலே காரணம்.

இப்போது எடையை மட்டும் எடுத்துவிடுங்கள். அழுத்தம் உடனே போய்விடாது, அது பாறைக்குள் அப்படியே இருக்கிறது. எதிர்க்க ஆளில்லாத அந்தத் தள்ளல், மேலோட்டிலுள்ள ஒவ்வொரு துண்டையும் வெளிநோக்கி முடுக்கும். எவ்வளவு முடுக்கம்? முன்பு எந்த எடையைத் தாங்கியதோ, சரியாக அந்த அளவு: 9.8 மீட்டர்/விநாடி². அதாவது மொத்தத் தரையும், அதன்மேல் கடலும் காற்றும், ஒன்றாக மேலே கிளம்பும்.

நீங்கள்? தரை உங்கள் பாதத்தை அதே 9.8 முடுக்கத்தில் தள்ளிக்கொண்டிருக்கும். முன்பு உணர்ந்த அதே எடையைத்தான் உணர்வீர்கள்! மூடிய பெட்டிக்குள் இருப்பவரால், கீழே இழுப்பது ஈர்ப்பா அல்லது பெட்டியே மேலே முடுக்கப்படுகிறதா என்று சொல்ல முடியாது என 1907-இல் ஐன்ஸ்டைன் யோசித்தாரே, கிட்டத்தட்ட அந்த நிலைதான். மரத்திலிருந்து கழன்ற தேங்காய்கூட வழக்கம்போலத் தரையில் மோதும். வித்தியாசம் என்னவென்றால், விழுவது தேங்காய் இல்லை, தரைதான் எழுந்து வருகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மிதக்கவில்லை என்பதற்காகத் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். 7 விநாடி முடிவில் தரை 240 மீட்டர் உயர்ந்து, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வெளிநோக்கிப் போய்க்கொண்டிருக்கும். பூமியின் சுற்றளவு ஒன்றரைக் கிலோமீட்டர் கூடியிருக்கும். பாறை நெரிசலைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. மேலோடு எங்கும் விரிசல் விடும்.

அப்புறம் ஈர்ப்பு திரும்புகிறது. ஆனால் வேகம் எடுத்த தரை உடனே நிற்காது. பூமி இன்னும் விரிந்து, பிறகு சுருங்கி, மறுபடி விரியும். இப்படி மொத்தமாக விரிந்து சுருங்கும் அதிர்வு பூமிக்கு இயல்பாகவே உண்டு. ஒரு முறைக்கு இருபதரை நிமிடம் ஆகும். 2004 டிசம்பர் 26-இல் நம் கடற்கரையைச் சுனாமி தாக்கியதற்குக் காரணமான சுமத்ரா நிலநடுக்கம் இந்த அதிர்வைக் கிளப்பிவிட்டது, கருவிகள் அதை வாரக்கணக்கில் பதிவு செய்தன. அது மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவு. நம் 7 விநாடிக் கதையில் என் தோராயக் கணக்குப்படி அது பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு வரும். அதற்குப் பிறகு மேலோட்டில் நகரம் எது, மலை எது என்று தேட வேண்டாம்.

இவ்வளவு நுண்ணிய அசைவை அளக்கும் கருவிகளுக்குப் பணம் கேட்டால், "இதனால் மக்களுக்கு என்ன பயன்?" என்று கேட்பவர்கள் நிறைய. 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பில் வரும் துளி மாற்றங்களை அளந்தன. பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தானில் நிலத்தடி நீர் வற்றிக்கொண்டிருப்பதை வானத்திலிருந்தே கண்டுபிடித்தது அந்த அளவீடுதான். ஈர்ப்பு குறைகிறது என்ற உண்மைச் செய்தி இதுதான். இதை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

ஈர்ப்பு திரும்பவே இல்லையென்றால்? உள்ளே நெரிந்து கிடக்கும் அத்தனையும் விரிந்துகொண்டே போகும், பூமி துண்டு துண்டாகச் சிதறும். வியாழனில் பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமும் என்பதால் அது புகையாகக் கலைந்துவிடும். மையத்தில் ஒன்றரைக் கோடி டிகிரியை அடக்கி வைத்திருக்கும் சூரியன் வெடித்துப் பரவும். வீட்டளவு இருக்கும் ஒரு விண்கல்லுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. அதைச் சேர்த்துப் பிடித்திருப்பது அணுக்களுக்கு இடையிலான மின்விசை, அதற்கு ஈர்ப்பு என்றுமே தேவைப்பட்டதில்லை.