காது ஜவ்வையும் தானம் வாங்கலாமா?

"அம்மாவுக்குக் காது ஜவ்வில் ஓட்டை. காதுக்கு மேலே இருந்தே ஜவ்வு எடுத்து ஒட்டலாம் என்கிறார் டாக்டர். கண்தானம் மாதிரி இறந்தவரிடமிருந்து வாங்க முடியாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும். ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

ஓட்டையை அடைக்கும் முயற்சி பழையது. 1640-இல் மார்கஸ் பான்சர் என்ற மருத்துவர் ஒரு குழாயின் முனையில் பன்றியின் சிறுநீர்ப்பையை இழுத்துக் கட்டிக் காதில் செருகச் சொன்னார். 1950களில் ஜெர்மனியின் காது மருத்துவர்கள் வுல்ஸ்டைனும் சோல்னரும் நோயாளியின் தோலையே எடுத்து ஒட்டினார்கள். ஆனால் தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும். உதிர்ந்தது உள்ளே சேர்ந்து சீழ் வைத்தது.

செவிப்பறை, அதாவது காது ஜவ்வு, தட்டையான தாள் அல்ல, புனல்போல உள்வாங்கியது. அந்த வடிவத்தைச் செய்வதைவிட, இருப்பதை எடுப்பது சுலபம். 1960களில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் மார்க்கே என்ற மருத்துவர், இறந்தவரின் செவிப்பறையை, அதோடு ஒட்டியிருக்கும் சுத்தி எலும்போடு சேர்த்தே பொருத்தத் தொடங்கினார்.

அடுத்தவர் திசுவை உடம்பு எப்படி ஏற்றது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எடுத்த செவிப்பறையைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் ஊறியதில் செல்கள் செத்துவிட்டன. மிஞ்சியது, தோல் பதனிட்டதுபோலக் கெட்டிப்பட்ட கொலாஜன் என்ற புரத நார்கள். எதிர்க்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அப்புறம், காதின் தோல் இருந்த இடத்தில் இருப்பதில்லை. நல்ல செவிப்பறையின் நடுவில் மையால் ஒரு புள்ளி வைத்துச் சில வாரம் கழித்துப் பார்த்தால், அது ஓரத்துக்கு வந்திருக்கும். பிறகு காதுக்குழாய் வழியாக வெளியேறும். நாளைக்கு சுமார் 0.1 மி.மீ., ஏறக்குறைய நகம் வளரும் வேகம். குறும்பி தானாக வெளியே வருவது இதனால்தான் (பட்ஸ் போட்டு அதை உள்ளே தள்ளுவது நாம்). நோயாளியின் தோலும் அப்படியே நகர்ந்து, பந்தலில் கொடி ஏறுவதுபோல, செத்த நார்களின்மேல் படர்ந்துவிடும். பந்தல் யாருடையதாக இருந்தாலும் கொடி சொந்தம்.

1980களில் எய்ட்ஸ் பயம் வந்தது. இன்னொரு பக்கம், தானமாகப் பெற்ற மூளை உறையை அறுவையில் வைத்துக்கொண்ட சிலர் பல ஆண்டு கழித்து மூளையைச் சிதைக்கும் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோயால் இறந்தார்கள். அதற்குக் காரணமான ப்ரியான் புரதத்தை ஃபார்மலின் அழிப்பதில்லை. உயிர் காக்கும் சிகிச்சை என்றால் துணியலாம், காது ஜவ்வுக்காகவா? தானச் செவிப்பறை பெரும்பாலும் கைவிடப்பட்டது.

உங்கள் அம்மாவுக்கு எடுக்கப்போவது, காதுக்கு மேலே மெல்லும் தசையைப் போர்த்தியிருக்கும் உறை. பரப்பிக் காயவைத்தால் பட்டர் பேப்பர் மாதிரி இருக்கும், ஒட்ட வசதி. ரத்த ஓட்டம் அதிகம் இல்லாமலே பிழைக்கும். அதுவரை காதில் காய்ச்சிய எண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள்; ஓட்டை வழியாக நேரே நடுக்காதுக்குப் போய்விடும்.