மார்பு தெரிந்தால் குற்றமா?

சில மாதங்களுக்கு முன் நாகர்கோவிலில் என் அலுவலகத்துக்கு ஓர் இளம் தாய் தன் மாமியாரோடு வந்தார். பேருந்தில் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது முந்தானை விலகியிருக்கிறது. பக்கத்தில் நின்றவர், "பொது இடத்துல இப்படியா? கேஸ் போட்டா தெரியும்" என்று சத்தம் போட்டிருக்கிறார். இன்னொருவன் செல்போனில் படமே எடுத்திருக்கிறான். அந்தப் பெண் என்னிடம் முதலில் கேட்டது, "மேடம், என் மேல கேஸ் வருமா?" என்றுதான். படம் எடுத்தவனைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

பெண்ணின் மார்பு வெளியே தெரிவதே குற்றம் என்று நம் நாட்டில் தனிச் சட்டப்பிரிவு கிடையாது. பொதுவாக நீட்டப்படுவது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294. பொது இடத்தில் ஆபாசமான செயலைச் செய்து பிறருக்குத் தொல்லை தந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எது ஆபாசம் என்று அந்தப் பிரிவு சொல்வதில்லை. அதனால்தான் பார்ப்பவர் முகம் சுளித்தாலே குற்றம் என்று பலரும் நம்புகிறார்கள்.

நீதிமன்றங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் ஆடையில்லாமல் நின்ற படத்தை வெளியிட்டது ஆபாசமல்ல என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளத்தில் ஒரு தாய், தன் வெற்று மார்பில் பிள்ளைகள் ஓவியம் வரைவதை 2020இல் வீடியோவாக வெளியிட்டார். அவர்மேல், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான போக்சோ சட்டத்தில் வழக்கே பாய்ந்தது. 2023 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆண் சட்டையில்லாமல் நின்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, பெண் உடல் என்றால் மட்டும் ஏன் என்ற கேள்வி அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு மேலாடையில்லாமல் தெருவில் நடக்கலாம் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன். கனடாவின் ஒன்டாரியோவில் நிலைமை வேறு. 1991இல் குவெல்ஃப் நகரில் வெயில் தாங்காமல் மேலாடையைக் கழற்றி நடந்த மாணவியை, 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றமற்றவர் என்றது. இங்கே அந்த அளவுக்குத் தெளிவான தீர்ப்பு இல்லை. எங்கள் குமரி மாவட்டத்திலோ பெண்கள் மார்பை மறைக்கவே போராட வேண்டியிருந்தது. நாடார் பெண்கள் மறைத்துக்கொள்ளலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்ததே 1859இல்தான். மறைப்பதோ திறப்பதோ, பெண்ணைக் கேட்டு யாரும் முடிவு செய்யவில்லை.

சரி, அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். பால் கொடுத்ததற்கு வழக்கு நிற்காது என்றேன். அப்புறம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவை எடுத்துக் காட்டினேன். ஒருவரின் அந்தரங்க உறுப்பை அவர் சம்மதமில்லாமல், தனியுரிமையை மீறிப் படம் எடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்ணின் மார்பும் அதில் அடங்கும். பொது இடம் என்பதாலேயே அந்தப் பாதுகாப்பு போய்விடாது.

மாமியார் அதுவரை வாயே திறக்கவில்லை. பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்து, "பஸ் நம்பர் நான் குறிச்சு வச்சிருக்கேன், எழுதுங்கம்மா" என்றார். புகாரை அன்றே எழுதினோம்.