அரசாணிக்காய் வெடிச்சதுக்கு ஊர்க்கண்ணு காரணம் இல்லீங்க

நேத்து பொழுதோட வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ. ரெண்டு ஆள் புடிச்சு தூக்கற சைஸ்ல ஒரு அரசாணிக்காய் (மஞ்சப்பூசணிதானுங்க), காம்புல இருந்து அடி வரைக்கும் பிளந்து விதையெல்லாம் வெளிய தெரியுது. கீழ ஒரே வரி, "கண்ணு பட்டுப்போச்சுங்க சார்". இந்த மாசத்துல இது நாலாவதுங்க. முடியல, அதான் எழுதறேன்.

போன் போட்டு கடைசியா எப்பங்க தண்ணி கட்டுனீங்கன்னு கேட்டேன். "பத்து நாளா காஞ்சு கெடந்துச்சுங்க, நேத்து முந்தாநாள்தான் வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு, செரின்னு நெறைய கட்டிவுட்டேன், கூட ரெண்டு கை யூரியா, பாப்பா ஸ்கூல் எக்ஸிபிஷனுக்குள்ள இன்னும் பத்து கிலோ ஏறட்டும்னு." இதுல ஊர்க்கண்ணு எங்கிருந்துங்க வந்துச்சு? திருஷ்டிக்கு நாம ஒடைக்கறதே பூசணிக்காயத்தான், அதோட சொந்தக்காரக் காய்க்கே திருஷ்டின்னா அது யாருகிட்டப் போகும்?

காய் புடிச்ச முதல் ஒரு மாசம் தோல் எளசா இருக்கும், உள்ள சதை ஊதஊத தோலும் கூடவே விரியும். நீங்க பாக்கற வீடியோவுல வர்ற அட்லாண்டிக் ஜெயண்ட்ங்கற ராட்சச ரகத்துக் காயெல்லாம் அந்த வேகத்துல ஒரு நாளைக்கு 15, 20 கிலோ கூட ஏறும். 2023ல அமெரிக்காவுல, கலிபோர்னியா ஹாஃப் மூன் பே ஊர்ல நடந்த எடை போட்டில ஜெயிச்ச காய் 1,247 கிலோ. ஆனா ரெண்டு மாசத்துக்கிட்ட வரும்போது வளத்தி தானா கொறஞ்சுரும், தோல் முத்தி கெட்டியாயிரும், அதுக்கப்புறம் அது விரியாது. அந்த நேரத்துல பத்து நாள் காயப்போட்டுட்டு ஒரே நாள்ல மடை தொறந்தா கொடி உறிஞ்சற தண்ணியெல்லாம் காய்க்குள்ளதான போகும், உள்ள ஊதுது வெளிய வழியில்ல, வெடிக்காம என்ன பண்ணும்? யூரியா அதுக்கு இன்னும் ஒரு தள்ளு. அமெரிக்காவுலயே உள்கூடு வரைக்கும் விரிசல் போன காய எடை போட்டிக்கு ஏத்துக்க மாட்டாங்க, எத்தன கிலோவா இருந்தாலும் சரி. நம்மூரு கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழக ரகம் கோ 1 ஏழெட்டு கிலோ, கோ 2 ரெண்டு கிலோவுக்குள்ள, அதுல இந்த வம்பு கம்மி. ஆன்லைன்ல அந்த ராட்சச ரகத்து வெத வாங்கி போட்டவங்கதான் இப்ப எனக்கு போன் பண்றது.

அதனால கடைசி மாசம் தயவுசெஞ்சு தண்ணி கொஞ்சங்கொஞ்சமா, காலைல, ஒரே அளவா வுடுங்க. சொட்டு நீர் இருந்தா நல்லது. ஐப்பசி மழை வரும்னு தெரிஞ்சா தண்ணிய நிறுத்தி, கொடியச் சுத்தி வடியறதுக்கு ஒரு வாய்க்கா வெட்டி வுடுங்க. யூரியா மூட்டைய சாளைக்குள்ள வச்சு பூட்டுங்க.

அப்பறம் கம்பளி. வீடியோவுல காய்க்கு கம்பளி போத்தறாங்கன்னு ஒருத்தர் போத்திட்டாருங்க, பொள்ளாச்சில! அங்க செப்டம்பர், அக்டோபர்ல ராத்திரி குளுர் கொல்லும், அதுக்கு போத்தறாங்க. இங்க மத்தியான வெயில்ல நனைஞ்ச கம்பளி காய்மேல கெடந்தா வெந்து பூசணம் புடிக்கும். நமக்கு வேணுங்கறது நெழல். நாலு குச்சி நட்டு ஒரு தென்னந்தடுக்கு, காய்மேல படாம ஒரு அடி ஒசரத்துல, போதும். பாலக்காட்டு கணவாய் காத்துல பறந்துராம இறுக்கி கட்டுங்க.

காய்க்கு அடில தென்னைநார்க் கழிவு போடறதும் வேண்டாம். பக்கத்துலயே மெத்து மெத்துன்னு கெடைக்குதுன்னு எல்லாரும் போடறீங்க. அது தண்ணிய புடிச்சு வச்சுக்கற சாமானுங்க, காய் மேல நல்லா மின்னிக்கிட்டு இருக்கும், அடி அழுகிருக்கும், கைய அடில வுட்டா வெரல் உள்ள போகும், அந்த நாத்தம் ரெண்டு நாளைக்கு கைய வுட்டு போகாது. அனுபவம். காய் சின்னதா இருக்கும்போதே மணல் போட்டிருக்கணும், இப்ப தூக்கி மணல் போடறேன்னு காம்ப முறிச்சுராதீங்க, சுத்தி இருக்கற கழிவ தள்ளிவுட்டு காத்து போக வுட்டா போதும்.

எலைல மாவு கொட்டுன மாதிரி வெள்ளையா இருந்தா சாம்பல் நோய். பக்கத்து கடைல கந்தகத் தூள் குடுத்தா வாங்காதீங்க, இந்த கொடிக்கு அது ஆகாது, எலை கருகிரும், எலை போனா காய் வெயில்ல வேகும். ரெண்டு எலைய பறிச்சுட்டு வந்து காட்டுங்க, பாத்து மருந்து சொல்றேன். காய்க்குத்தான் சத்து போகணும்னு நல்ல எலையவும் ஆஞ்சு எறியற புண்ணியவானுங்க இருக்கீங்க, காய்க்கு சோறு போடறதே அந்த எலைதானுங்க!

மயிலுக்கு பழைய மீன்வலை போட்டு மூடுங்க. வேற வழி எனக்கும் தெரியல, என் தோட்டத்துலயே தோத்துட்டேன்.

அறுக்கறப்ப நகத்த வச்சு அழுத்துங்க, எறங்கலீன்னா காய் முத்திருச்சு. காம்பு ஒரு சாண் நீளம் வுட்டு கத்தில அறுங்க, திருகாதீங்க. காம்ப புடிச்சு தூக்கவும் கூடாது, அடில சாக்க குடுத்து நாலு பேரு தூக்குங்க. பொரியலுக்குன்னு ஆசப்படாதீங்க, பெருங்காய் வெறும் தண்ணிச்சப்பு.

நேத்து வெடிச்சத என்ன பண்ணுனீங்கன்னு கேட்டேன். மாட்டுக்கு போட்டாச்சுங்களாம். விதைய மட்டும் கழுவி காயவச்சிருக்காரு, அடுத்த வருசம் போடறாராம். தண்ணி கட்டறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க சாமின்னு சொல்லி வச்சிருக்கேன்.