கணவன், மனைவி கிரீன் கார்டு: ஃபைல் இப்போது யார் மேசையில்?

அமெரிக்காவில் இருப்பவர் தன் கணவனுக்கோ மனைவிக்கோ போடும் ஐ-130 மனு அப்ரூவ் ஆகி மாதக்கணக்காகியும் இன்டர்வியூ தேதி வரவில்லை என்று தவிப்பவர்களில் பலர், கேட்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்த விண்ணப்பம் இரண்டு துறைகளின் கைக்குப் போகிறது. மனுவை ஏற்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வரும் குடியேற்றச் சேவை அமைப்பான யுஎஸ்சிஐஎஸ். வெளிநாட்டில் இருக்கும் துணைக்கு விசா கொடுப்பது வெளியுறவுத் துறை. ஒருவரிடம் இருக்கும் ஃபைலைப் பற்றி மற்றவரிடம் எத்தனை முறை கேட்டாலும் பதில் வராது.

ரசீதுக் கடிதமான ஐ-797சி வந்ததும் அதிலுள்ள எண்ணைப் பாருங்கள். மூன்று எழுத்து, பிறகு பத்து இலக்கம். டபிள்யூஏசி என்றால் கலிஃபோர்னியா சர்வீஸ் சென்டர், எல்ஐஎன் நெப்ராஸ்கா, எஸ்ஆர்சி டெக்சாஸ், இஏசி வெர்மான்ட், எம்எஸ்சி நேஷனல் பெனிஃபிட்ஸ் சென்டர். இப்போது பெரும்பாலும் ஐஓஇ என்றுதான் வருகிறது. அது கணினி முறையின் பெயர், ஊரின் அடையாளம் அல்ல. அதை வைத்து ஃபைல் எங்கே என்று சொல்ல முடியாது. கடிதத்தின் கீழே அச்சாகியிருக்கும் அலுவலகத்தையும், இடையில் டிரான்ஸ்ஃபர் நோட்டீஸ் வந்திருந்தால் அதையும் பாருங்கள். பணமும் படிவமும் போய்ச் சேரும் லாக்பாக்ஸ், தபால் பிரிக்கும் இடம் மட்டுமே; முடிவெடுக்கும் அதிகாரி அங்கே இல்லை.

அதிகம் பேர் சறுக்கும் இடம் ஐ-130இன் நான்காம் பகுதியின் முடிவில், 61, 62ஆம் கேள்விகளில் இருக்கிறது. முதல் கேள்வி, துணைவர் அமெரிக்காவிலேயே இருந்து ஐ-485 (அங்கிருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் படிவம்) போடப் போகிறாரா என்பது. அடுத்தது, வெளிநாட்டுத் தூதரகத்தில் விசா வாங்கப் போகிறாரா என்பது. மனைவி மதுரையில் இருக்க, 61இல் அமெரிக்க ஊர் ஒன்றை எழுதிவிட்டால், அப்ரூவ் ஆன மனு வெளியுறவுத் துறையின் விசா மையத்துக்குப் போகாமல் யுஎஸ்சிஐஎஸ்ஸிலேயே தங்கிவிடும். பிறகு ஐ-824 போட்டு, தனிக் கட்டணம் கட்டி, அதை நகர்த்தச் சொல்ல வேண்டும். பல மாதங்கள் இப்படி வீணாகின்றன. 62இல் பலர் பழக்கத்தில் ‘சென்னை’ என்று எழுதுகிறார்கள். சென்னைத் துணைத் தூதரகத்தில் குடியேற்ற விசா இன்டர்வியூ கிடையாது. தமிழ்நாட்டுக்காரர்களின் கேஸ்கள் வழக்கமாக மும்பைக்குத்தான் போகின்றன. இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு.

அப்ரூவல் முடிந்ததும் ஃபைல், நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத்தில் உள்ள அந்த விசா மையத்துக்கு, அதாவது என்விசி என்னும் நேஷனல் விசா சென்டருக்கு வருகிறது. அங்கே புது எண் கிடைக்கும். மும்பை கேஸ் என்றால் பிஎம்பி என்று தொடங்கும். இனி யுஎஸ்சிஐஎஸ் ரசீது எண்ணை வைத்துத் தேடிப் பயனில்லை. விசாக் கட்டணம் 325 டாலர், ஆதரவுப் பத்திரக் கட்டணம் 120 டாலர் கட்டி, விசா விண்ணப்பமான டிஎஸ்-260, துணையின் செலவுக்குப் பொறுப்பேற்கும் ஆதரவுப் பத்திரமான ஐ-864, திருமணப் பதிவுச் சான்று, போலீஸ் சான்று ஆகியவற்றை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஆவணங்கள் எல்லாம் சரி என்று சொல்லும் ‘டிக்யூ’ (டாகுமென்டரிலி குவாலிஃபைட்) மின்னஞ்சல் வந்த பிறகு காத்திருப்பது மும்பையில் இடம் கிடைப்பதற்காக. என்விசியிடமிருந்து தகவல் வந்து ஓராண்டு எதுவும் செய்யாமல் விட்டால் பதிவே ரத்தாகலாம். பாதியில் நிற்கும் கேஸ் என்றாலும் அந்த இணையதளத்தின் உள்ளே போய் ஏதாவது ஒரு வேலையைச் செய்துவையுங்கள்.

வீடு மாறினால் யுஎஸ்சிஐஎஸ், என்விசி இரண்டு இடத்திலும் தனித்தனியாகச் சொல்லுங்கள். குடியுரிமை பெறாத மனுதாரர் பத்து நாளுக்குள் யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு ஏஆர்-11 என்னும் முகவரி மாற்றப் படிவம் மூலம் தெரிவிக்க வேண்டும்; அந்தத் தகவல் என்விசிக்குத் தானாகப் போய்ச் சேராது.

துணைவர் அமெரிக்காவில் இருந்து ஐ-485 போட்டிருந்தால் என்விசிக்கு வேலையில்லை. ஃபைல் மிசௌரியில் உள்ள நேஷனல் பெனிஃபிட்ஸ் சென்டரில் தயாராகி, உங்கள் ஜிப் கோடுக்கு உரிய ஃபீல்டு ஆஃபீஸுக்குப் போகும். கைரேகைக்கு அழைக்கும் மையம் இதில் சேராது. அங்குள்ளவர்களிடம் கேஸ் பற்றிக் கேட்காதீர்கள்.

கிரீன் கார்டுக்காரர் போட்ட மனு, வரிசையில் காத்திருக்க வேண்டிய எஃப்2ஏ பிரிவில் வரும். அவர் இடையில் குடியுரிமை வாங்கிவிட்டால், அப்போது ஃபைல் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு, என்விசி என்றால் என்விசிக்கே, சான்றிதழ் நகலை அனுப்ப வேண்டும். மனைவிக்கு வரிசை இல்லாமல் போகும், நல்லதுதான். ஆனால் எஃப்2ஏவில் அம்மாவோடு சேர்ந்து வந்த பிள்ளைகள் அந்த நொடியில் மனுவிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஐ-130, மறுபடியும் யுஎஸ்சிஐஎஸ்ஸிலிருந்து.