தாத்தா வரை பேசும், பூட்டனோடு பேசாது

காவடிக்கு முந்தைய ராத்திரி. மொரிஷியஸில் தைப்பூசக் காவடி நாடு முழுக்க அரசு விடுமுறை. மறுநாள் ஆபீஸ் கிடையாது என்பதால்தான் எபேன் சைபர் சிட்டியில் ஒரு வாடிக்கையாளரிடம் அந்த ராத்திரியைக் கேட்டு வாங்கியிருந்தோம். என்னோடு இருந்த தம்பி இந்த ஊர்ப் பையன், பத்து நாள் விரதத்தில் இருந்தான். விடிவதற்குள் காத்ர போர்ன் போய், கோர் தெ கார்ட் மலைக்கோயிலுக்குக் காவடி எடுக்க வேண்டும்.

வேலை பெரிதில்லை. சர்வர்களையும் ஸ்டோரேஜ் பெட்டியையும் இணைக்கும் பழைய 8ஜி ஸ்விட்சைக் கழற்றிவிட்டு 32ஜி ஸ்விட்ச் மாட்டுவது. ஜி என்பது வேகம், வினாடிக்கு இத்தனை கிகாபிட் என்ற கணக்கு. ஒரு மணிக்கெல்லாம் சர்வர்கள் இணைப்புக்கு வந்துவிட்டன, ஸ்டோரேஜும் வந்துவிட்டது. தரவைக் காந்த நாடாவில் எழுதிப் படிக்கும் ஒரே ஒரு டேப் டிரைவ் மட்டும் வரவில்லை. கேபிளின் முனையைத் துடைத்தோம். வேறு கேபிள் போட்டோம். போர்ட் மாற்றினோம். பச்சை விளக்கு எரியவே இல்லை.

அது ஏன் எரியவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

வீட்டில் இருக்கும் வைஃபை ரௌட்டரும் ஆபீஸ் நெட்வொர்க் ஸ்விட்சும் ஒரு விஷயத்தில் கொஞ்சம் அலட்சியமானவை. நெரிசல் கூடினால் தரவுப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிடும். 'தேவைப்பட்டால் மறுபடி கேட்டுக்கொள்' என்பது அவற்றின் கொள்கை. வட்டில் எழுதவேண்டிய தரவுக்கு அது சரிப்படாது. அதனால் ஸ்டோரேஜுக்கென்று ஃபைபர் சேனல் என்ற தனி வலையமைப்பு 1990களில் உருவானது. அதில் கீழே போடுகிற பேச்சே கிடையாது. கல்யாணப் பந்தி போலத்தான். எத்தனை இலை போட்டிருக்கிறது என்பதை எதிர்முனை முதலிலேயே சொல்லிவிடும். அத்தனை பேரைத்தான் உள்ளே அனுப்பலாம். ஒருவர் சாப்பிட்டு எழுந்ததும் 'ஒரு இலை காலி' என்று சைகை வரும், அதன்பிறகே அடுத்த ஆள். இந்த இலைக் கணக்கை கிரெடிட் என்பார்கள். இலை இல்லையென்றால் தரவு வாசலில் காத்திருக்குமே தவிரத் தொலையாது. ஒரு கிரெடிட் சைகை வழியில் சிதைந்து போனால் என்ன ஆகும்? பந்தியில் ஒரு இலை யாரும் உட்காராமலே கிடக்கும். இப்படி நாலைந்து போய்விட்டால் இணைப்பு தவழ ஆரம்பிக்கும், எந்த விளக்கும் சிவப்பாகாது. இந்த வேலையில் என் தலைமுடி நரைத்ததில் பாதி இந்த நோயால்தான்.

இந்தக் கணக்கையெல்லாம் பார்ப்பது யார்? ஸ்விட்ச் பெட்டிக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒருவர் சிப். எந்தப் போர்ட்டில் வந்தது எந்தப் போர்ட்டில் போகவேண்டும் என்ற அட்டவணையை வைத்துக்கொண்டு, அதிகபட்சம் 2,148 பைட் நீளமுள்ள பொட்டலங்களை நானோ வினாடிக் கணக்கில் தள்ளிவிடுவது அவர். யோசிக்க மாட்டார், தள்ளுவார். இன்னொருவர் ஒரு சின்னக் கணினி. அந்த அட்டவணையை எழுதித் தருவது, புதிதாக வருகிறவருக்கு முகவரி கொடுப்பது, யார் யாரைப் பார்க்கலாம் என்ற பிரிவினையைக் காப்பது எல்லாம் இவர். நாம் 'ஃபர்ம்வேர் அப்டேட்' என்று செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாமவருக்கு.

எனவே அப்டேட்டின்போது தரவு நிற்பதில்லை. சின்னக் கணினியில் மென்பொருளுக்கு இரண்டு அறைகள். ஓடுவது ஒன்றில் இருக்கும்போது, புதிய கோப்பு மற்றதில் இறங்கும். பிறகு அறைகள் இடம் மாறும், கணினி ரீபூட் ஆகும். அந்த நேரம் முழுக்க சிப் பழைய அட்டவணையை வைத்தே தள்ளிக்கொண்டிருக்கும். சர்வருக்கு எதுவும் தெரியாது. புதியது ஒழுங்காக எழுந்துவிட்டால் அதன் பிரதி பழைய அறையிலும் எழுதப்படும். எழவில்லை என்றால் பழைய அறைக்குத் திரும்பிக்கொள்ளலாம்.

இதில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பக்கத்து ஸ்விட்சுகள் 20 வினாடிக்கு ஒரு முறை ஒன்றையொன்று 'இருக்கிறாயா' என்று விசாரித்துக்கொள்ளும். 80 வினாடி பதிலே வரவில்லை என்றால் அந்த வழி செத்துவிட்டதாக முடிவுகட்டி, பாதையை மாற்றி எழுதிவிடும். ஆகவே சின்னக் கணினி தூங்கி எழுவதற்குள்ள அவகாசம் 80 வினாடிக்குள். பெரிய டைரக்டர் ரகப் பெட்டிகளில் கணினியே இரண்டு இருக்கும். ஒருவர் விழித்திருக்க மற்றவரை அப்டேட் செய்யலாம். சின்னப் பெட்டியில் ஒருவரே என்பதால் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றேகால் நிமிடம் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் பழகாது.

விழித்தெழும் புதிய மென்பொருள் முதலில் செய்வது, தூங்கப்போன பழையவர் விட்டுச்சென்ற குறிப்பைப் படிப்பது. எந்தப் போர்ட்டில் யார், எத்தனை கிரெடிட், எந்தப் பாதை என்று எல்லாம் அதில் இருக்கும். குறிப்பின் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. தனக்குச் சற்று முந்தையவர் எழுதியதைப் படிக்கத்தான் புதியவருக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அதனால்தான் படிப்படியாக ஏறச் சொல்கிறார்கள். பிரோகேட் என்ற நிறுவனப் பெயரில் வரும் ஸ்விட்சுகளின் இயங்குதளத்தில் 8.0 பதிப்புக்கு ஏற 7.4இல் நின்று ஏற வேண்டும், 9.0க்கு ஏற 8.2இல் நின்று ஏற வேண்டும். தாவினால் குறிப்பு புரியாது. புரியாவிட்டால் சிப்பையும் சேர்த்து முதலிலிருந்து தொடங்கும், தரவு நிற்கும்.

படிக்கட்டு முடிவில்லாமல் போவதும் இல்லை. அதே இயங்குதளத்தில் 8ஜி பெட்டிகள் 7.4 வரைதான் வர முடியும். 8.0 வந்தபோது 16ஜியும் 32ஜியும் மட்டுமே உள்ளே அனுமதிக்கப்பட்டன. 9.0 வந்தபோது 16ஜியும் வெளியே போயிற்று. கோப்பை எப்படியோ கொண்டுவந்து சேர்த்தாலும் ஏறாது. மென்பொருள் தன் கைக்குள் இருக்கும் சிப்பின் ஒவ்வொரு பொத்தானையும் அறிந்து எழுதப்பட்டது. 32ஜி சிப்புக்கு எழுதியதை 8ஜி சிப்பிடம் கொடுத்தால், மாட்டுவண்டிக்காரரை விமானத்தில் உட்காரவைத்த கதைதான். பழைய சிப்புக்கும் சேர்த்து எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். எழுதலாம். ஆனால் ஒவ்வொரு பதிப்பையும் ஒவ்வொரு பழைய பெட்டியிலும் வைத்துச் சோதிக்க வேண்டும். விற்று முடித்த சரக்குக்கு அந்தச் செலவை எந்த வியாபாரியும் விரும்பிச் செய்வதில்லை என்பது என் எண்ணம்.

மேலே பெயர் ஒன்றாக இருந்தாலும் நம்ப வேண்டாம். பிரோகேட் ஜி620 என்ற ஒரே பெயரில் இரண்டு வன்பொருள்கள் உண்டு. ஒன்றின் வகை எண் 162, மற்றதன் எண் 183. முன்னதில் ஓடும் பழைய பதிப்புகள் பின்னதில் ஓடாது. முன்பக்கம் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கட்டளை அடித்து வகை எண்ணைப் பார்க்க வேண்டும். புதுப் பதிப்பின் குறிப்பேடு கைக்கு வந்ததும் எல்லோரும் 'புதிய வசதிகள்' பக்கத்தைப் படிப்பார்கள். நான் நேராக ஆதரிக்கப்படும் வன்பொருள் அட்டவணைக்குப் போய்விடுவேன். அங்கே நம் பெட்டி இல்லையென்றால் மற்றதைப் படித்து என்ன ஆகப்போகிறது?

படிக்கட்டு முடிந்த பெட்டி அன்றே நின்றுவிடாது, வருடக்கணக்கில் ஓடும். மாறுவது அதைச் சுற்றியுள்ள உலகம். தொலைவிலிருந்து ஸ்விட்சுக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் மென்பொருள் ஓப்பன் எஸ்எஸ்எச். 2015 ஆகஸ்டில் அதன் 7.0 பதிப்பு பழைய சாவிப் பரிமாற்ற முறை ஒன்றைத் தானாகவே அணைத்து வைத்தது. அடுத்த மாதமே குரோம் 45, ஜாவா ஆப்லெட் என்ற, உலாவிக்குள் ஓடும் சின்ன நிரல்களுக்கான வழியை மூடியது. பழைய ஸ்விட்சுகளின் நிர்வாகப் பக்கமெல்லாம் ஜாவாவில் எழுதியது. அவற்றைத் திறப்பதற்கென்றே ஒரு பழைய லேப்டாப்பை அலமாரியில் வைத்திருக்கிறேன். இணையத்தில் இணைப்பதே இல்லை, அது இணையத்தைப் பார்த்தால் பயந்துவிடும்.

சரி, டேப் டிரைவுக்கு வருவோம். அங்கே குற்றவாளி மென்பொருள் இல்லை. போர்ட்டில் செருகும் விரல் நீள எஸ்எஃப்பி.

மின்சைகையை ஒளியாக்கி கேபிளில் விடுவதும், வரும் ஒளியை மின்சைகையாக்குவதும் இதன் வேலை. கேபிளைச் செருகியதும் இரு முனைகளும் எந்த வேகத்தில் பேசலாம் என்று மாறிமாறி முயன்று பார்த்துக்கொள்ளும். 32ஜி எஸ்எஃப்பிக்கு 32, 16, 8 தெரியும். 16ஜிக்கு 16, 8, 4. 8ஜிக்கு 8, 4, 2. அதாவது தன்னோடும் அப்பாவோடும் தாத்தாவோடும் பேசும். பூட்டனோடு பேசாது. எங்கள் டேப் டிரைவ் எல்டிஓ-4 ரகம், அதாவது எல்டிஓ என்ற டேப் வகையின் நாலாம் தலைமுறை. அதற்குத் தெரிந்த வேகம் 4ஜி வரைதான். 32ஜி பேரன் எட்டுக்குக் கீழே இறங்கத் தெரியாமல் நிற்க, பூட்டன் நாலுக்கு மேலே ஏறத் தெரியாமல் நிற்க, விளக்கு எப்படி எரியும்? வாங்கும்போது டேப் டிரைவை நான் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

தம்பியிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். "எங்க வீட்டுக் கதைதான்ணா. பூட்டன் தமிழ் மட்டும்தான் பேசுவாராம். தாத்தாவுக்கு ரெண்டும் தெரியும். எங்கப்பா கிரியோல்தான்."

வேகம் கூடும்போது மாறுவது எண்ணிக்கை மட்டுமில்லை. 8ஜி வரை எட்டு பிட்டைப் பத்தாக்கி அனுப்பும் எழுத்துமுறை, ஐந்தில் ஒரு பங்கு வீண். 16ஜியிலிருந்து 64ஐ 66 ஆக்கும் முறை வந்தது. அதனால் கோட்டில் 8ஜியின் துடிப்பு 8.5 கிகாபாட் (வினாடிக்கு 850 கோடித் துடிப்பு), 16ஜியினுடையது 17 ஆகாமல் 14.025தான். இரண்டு எழுத்துமுறைகளையும் ஒரே சிப்பில் அடக்குவது முடியும், ஆனால் பத்து வருடப் பழைய வேகத்துக்கும் சேர்த்து ஒளியையும் துடிப்பையும் ஒழுங்குபடுத்துவது செலவு. கேபிளுக்கும் இதே கதை. ஆரஞ்சு உறை போட்ட ஓஎம்2 கேபிள் 4ஜியில் 150 மீட்டர் போகும், 8ஜியில் 50, 16ஜியில் 35. ஸ்விட்சை மட்டும் மாற்றிவிட்டு, பக்கத்து மாடிக்குப் போகும் ஆரஞ்சுக் கேபிளை மறந்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய ஸ்விட்சில் இருந்த 8ஜி எஸ்எஃப்பியைப் பிடுங்கிப் புதியதில் செருகலாமே என்றான் தம்பி. செருகினோம். திரையில் அந்தப் போர்ட்டுக்கு நேராக 'மாட்_இன்வ்' என்று வந்தது, அதாவது செல்லாத மாட்யூல். ஒவ்வொரு எஸ்எஃப்பிக்குள்ளும் சின்ன நினைவகம் ஒன்று உண்டு. அதில் 20ஆம் பைட்டிலிருந்து 35ஆம் பைட் வரை 16 எழுத்தில் தயாரிப்பாளர் பெயர், பிறகு பாக எண், வரிசை எண். செருகியதுமே ஸ்விட்ச் அதைப் படிக்கும். பட்டியலில் இல்லையென்றால் லேசரையே ஏற்றாது. இன்னொரு பக்கத்தில் வெப்பநிலை, மின்னழுத்தம், லேசர் மின்னோட்டம், அனுப்பும் ஒளி, பெறும் ஒளி எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் பதிவாகும். கேபிள் அழுக்கா, லேசர் கிழமா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்தப் பூட்டில் பாதி நியாயம் இருக்கிறது, சோதிக்காத லேசரால் வரும் பிழைகளை நானே பார்த்திருக்கிறேன். மீதிப் பாதி வியாபாரம்.

16ஜி எஸ்எஃப்பி ஒன்று இருந்தால் பிரச்சினை தீர்ந்தது, அதற்கு 32ஜி ஸ்விட்சிலும் இடம் உண்டு, நாலும் தெரியும். அந்த நேரத்தில் தீவில் யாரிடம் போய்க் கேட்பது? டேப் டிரைவைத் தூக்கிப்போடவும் வழியில்லை. எல்டிஓவிலும் ஏழாம் தலைமுறை வரை இதே தாத்தா விதிதான், டிரைவ் தனக்கு இரண்டு தலைமுறை முந்தைய டேப் வரைதான் படிக்கும். அவர்களிடம் ஒரு பீரோ நிறைய எல்டிஓ-2 டேப்புகள். அவற்றைப் படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை எல்டிஓ-4தான்.

அப்போதுதான் தரையில் கிடந்த பழைய ஸ்விட்ச் கண்ணில் பட்டது. அதற்கு 4 தெரியும், 8 தெரியும். புதியதற்கு 8 தெரியும். பூட்டனுக்கும் பேரனுக்கும் நடுவில் தாத்தாவை உட்காரவைத்தால்?

சும்மா மாட்டிவிட முடியாது. இரண்டு ஸ்விட்சுகள் சேர்ந்தால் ஒரே குடும்பமாகிவிடும், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 239க்குள் தனி எண் வேண்டும். இரண்டுமே 1 என்று இருந்ததால் பழையதை 7 ஆக்கினோம். யார் யாரைப் பார்க்கலாம் என்ற பழைய பிரிவினைப் பட்டியலை அழித்தோம், இல்லையென்றால் இரண்டு பட்டியலும் முட்டிக்கொண்டு இணைப்பு பிரிந்தே நிற்கும். கடைசியாக, புதிய ஸ்விட்சின் பதிப்போடு சேர்ந்து ஓட, பழையதன் மென்பொருள் இரண்டு படி ஏற வேண்டியிருந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்காதவர்களுக்கு இந்தக் கோப்புகளை இப்போதெல்லாம் தருவதில்லை. முன்பு ஒப்பந்தம் இருந்த காலத்தில் இறக்கி வைத்தவை அந்தப் பழைய லேப்டாப்பில் இருந்தன. ஒரு படி, ரீபூட், சரிபார்ப்பு. இன்னொரு படி, ரீபூட், சரிபார்ப்பு. அதற்கு மேல் அந்தப் பெட்டிக்குப் படியே இல்லை.

மணி நாலேகால் இருக்கும். டேப் டிரைவின் பின்னால் பச்சை விளக்கு ஒரு முறை துடித்து நின்று, பிறகு நிலைத்தது.

லேபிள் அச்சிடும் எந்திரத்தில் தமிழ் கிடையாது. தம்பி மார்க்கர் பேனாவை எடுத்து, பள்ளிக்கூடத்தில் கற்ற கோணலான எழுத்தில் பழைய ஸ்விட்சின் நெற்றியில் 'தாத்தா' என்று எழுதி ஒட்டினான். "அண்ணா, பால்குடத்துக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டான். டேப்புகளைப் புது ஸ்டோரேஜுக்கு நகலெடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை, பீரோவில் கீழ்த்தட்டு பாக்கி.